தலைமன்னாரில் நிற்கும் பாதை: கட்டப்படாத கடல்வழியும் நமது சமூகமும்

ஆசிய நெடுஞ்சாலை வலையமைப்பில் இலங்கைக்கு இரண்டு பாதைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒன்று ஏ.எச். 43. அது ஆக்ராவில் தொடங்கி குவாலியர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், கிருஷ்ணகிரி, மதுரை என்று தெற்கே இறங்கித் தனுஷ்கோடிக்கு வருகிறது. பிறகு தலைமன்னாரில் மறுபடி தொடங்கி, தம்புள்ளை, குருநாகல், கொழும்பு, காலி வழியாக மாத்தறையில் முடிகிறது. மற்றது ஏ.எச். 44. அது தம்புள்ளையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கிளை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கிடப்பது ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். அந்தக் கடலுக்கு மேல் பாலமும் இல்லை, அந்த இரு துறைகளுக்கிடையில் இன்றைக்குக் கப்பலும் ஓடவில்லை. ஆனாலும் காகிதத்தில் அது ஒரே பாதை.

இந்த ஒரே பாதையைக் கட்டுவது பற்றி நூறு வருடங்களுக்கு மேலாக அளந்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள். கட்டவில்லை. கட்டாத ஒன்றுக்கு என்ன வரலாறு என்று சிலர் கேட்கலாம். பாதை போடப்பட்ட ஊரின் வாழ்வை மட்டுமல்ல, பாதை வரும் வரும் என்று சொல்லப்பட்ட ஊரின் வாழ்வையும் அந்தப் பேச்சு மாற்றிவிடுகிறது. மன்னார் அப்படிப்பட்ட ஊர். அந்தக் கடலின் இரு கரையிலும் வேரோடியிருந்த சமூகம் என்ற வகையில், இது எங்கட வரலாறும்தான்.

பாலத்துக்கு முந்திய பாதை

இராமேஸ்வரம் தீவுக்கும் மன்னார்த் தீவுக்கும் இடையில் மணல் திட்டுகளும் சுண்ணாம்புப் பாறைகளும் தொடராகக் கிடக்கின்றன. பல இடங்களில் தண்ணீர் சில அடிகள்தான். இந்துக்கள் அதை இராமர் சேது என்கிறார்கள். ஆங்கிலேயரின் வரைபடங்களில் அது ஆதம் பாலம். ஆதம் (அலை) அவர்கள் ஸரந்தீபில் இறக்கப்பட்டு, பிறகு இவ்வழியாகக் கண்டத்துக்குக் கடந்து போனார்கள் என்ற வாய்மரபே அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பாவா ஆதம் மலைக்கும் இந்தத் திட்டுத் தொடருக்கும் ஒரே கதை முடிச்சுப் போடுகிறது. 11ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலிலும் கடலை அணைக்கும் இந்தத் தொடர் குறிப்பிடப்படுகிறது.

1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து புத்தளத்துக்கு வந்தார். ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அவருடைய உதவியோடு பாவா ஆதம் மலைக்குப் போய்த் திரும்பி, பிறகு மஃபர் கரைக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் மறுகரைக்கு அண்மையில் உடைந்தது. கடல் ஆழமில்லாதது என்பதால் பயணம் லேசாக இருந்ததில்லை. ஆழமில்லாத கடல்தான் பெரிய கப்பலுக்கு எதிரி.

சின்னத் தோணிகளுக்கு அது வாசல். காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம் என்ற ஊர்ப்பெயர்கள் கொழும்பிலும் புத்தளத்திலும் மன்னாரிலும் காலியிலும் குடும்பப் பெயர்களைப் போலப் புழங்கின. துணியும் அரிசியும் இங்கே வந்தன. பாக்கும் சங்கும் முத்தும் அங்கே போயின. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடக்கும் காலங்களில் மறுகரைச் சுழியோடிகளும் வியாபாரிகளும் வந்து ஒரு தற்காலிகப் பட்டணமே எழும்பும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலைக் கடந்து வந்து இங்கே பள்ளிகளும் தக்கியாக்களும் உண்டாக உழைத்தார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் இன்றும் ஏறும் கொடி நாகூரை நினைப்பூட்டுவது. பாலம் இல்லாத காலத்தில் இந்த உறவுக்குப் பாலம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது திறந்த கரை.

1913: முதல் பெரிய அளவை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு பக்கத்திலும் ரயில் பாதை கடலை நோக்கி நீண்டுகொண்டு வந்தது. இலங்கையின் வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து மதவாச்சியில் பிரியும் கிளையைத் தலைமன்னாருக்குப் போட்டார்கள். மறுபக்கத்தில் பாம்பன் கடலுக்கு மேல் பாலம் கட்டி, தனுஷ்கோடி வரை தண்டவாளம் கொண்டுவந்தார்கள்.

1913இல் தென்னிந்திய ரயில்வேக் கம்பனி இரண்டு முனைகளையும் தண்டவாளத்தாலேயே இணைக்க விரிவான அளவை ஒன்றைச் செய்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை சுமார் 20 மைல். அதில் ஏறத்தாழ 7 மைல் மணல் திட்டுகளின் மேல், மிச்சம் தண்ணீருக்குள். தண்ணீருக்குள் இரண்டு வரிசையாகக் கொங்கிறீட் தூண்களை இறக்கி, அவற்றை இணைத்து அணை போலக் கட்டுவது திட்டம். கடலே மணலைக் கொண்டுவந்து அணையின் இரு பக்கமும் குவித்துவிடும் என்று பொறியியலாளர்கள் எதிர்பார்த்தார்கள்.

அளவை முடிந்தது. ஆனால் கட்டப்பட்டது கப்பல் சேவை. 1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடி - தலைமன்னார் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அதே வருடம் உலக யுத்தம் மூண்டது. கடல்மேல் தண்டவாளம் போடும் திட்டம் கோப்புக்குள் போனது, திரும்பி வரவில்லை.

கப்பலும் கோச்சியும் சேர்ந்த அந்தப் பயணத்துக்குப் பெயர் போட் மெயில். கொழும்புக் கோட்டையில் ஒரு டிக்கட் எடுத்தால் சென்னை எழும்பூரில் இறங்கலாம். மூத்த வாப்பாமார் சொல்லும் கதைகளில் பாதி இந்தக் கோச்சியில்தான் நடக்கின்றன. கடையாளும் கணக்கப்பிள்ளையும் ஆலிமும், மத்ரஸாவுக்கு ஓதப் போகும் பொடியனும் அதில் ஏறினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் வேறு விதமாக வந்தார்கள். இலங்கை அரசாங்கம் மறுகரையில் நடத்திய மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய் பார்க்கப்பட்டு, பிறகே அவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். ஒரே பாதையில் இரண்டு விதமான மனிதர் போனார்கள் என்பதை மறக்கக் கூடாது.

திறந்த வழி, மூடிய கதவு

கப்பல் ஓடத் தொடங்கிய அடுத்த வருடம் 1915 கலவரம். கம்பளையில் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹராவில் வாத்தியம் வாசிப்பது பற்றிய வழக்கிலிருந்து தொடங்கிய பகை நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. அதில் முதல் இலக்கானவர்கள் கரையோரச் சோனகர் என்று அழைக்கப்பட்ட, மறுகரையிலிருந்து வந்து போகும் வியாபாரிகள். கலவரத்தின் காரணங்கள் பல. கப்பல் சேவையை அவற்றில் ஒன்றாகச் சொல்ல முடியாது. ஆனால் வந்து போகிறவன் அந்நியன், அவனுடைய கடை எங்கட கடையைத் தின்கிறது என்ற பேச்சு அன்றே ஆழமாக வேர்விட்டிருந்தது. பிற்காலத்தில் பாலம் என்ற சொல் எழும்பும் போதெல்லாம் தெற்கில் எழும்பும் பயத்திலும் அந்தப் பேச்சின் தொனி கேட்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு கதவு சட்டத்தால் ஒடுங்கியது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதே வருடத்தின் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் கடலின் நடுவில் ஒரு கோடு போட்டன. அதுவரை கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரமாக இருந்த கடல், கடவுச்சீட்டும் விசாவும் கேட்கும் எல்லையானது. ஒரு குடும்பத்தில் அண்ணன் இலங்கையன், தம்பி இந்தியன் என்று ஆனதும் இந்தக் காலத்தில்தான்.

1964 இந்தக் கடலின் வரலாற்றில் கறுத்த வருடம். அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. டிசம்பர் 22 இரவு அடித்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அப்படியே அலையில் போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர் திரும்பக் கட்டப்படவில்லை. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடத் தொடங்கியது. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கப்பலில்தான், தலைமன்னாரில் அழுதுகொண்டு ஏறினார்கள். 1980களில் யுத்தம் அந்தச் சேவையையும் நிறுத்தியது.

காகிதத்தில் நீண்ட நெடுஞ்சாலை

இதற்கிடையில் உலகம் ரயிலை விட்டு லொறிக்கு மாறியிருந்தது. 1959இல் ஐக்கிய நாடுகளின் ஆசியப் பொருளாதார ஆணைக்குழு ஆசிய நெடுஞ்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. புதிதாக ஒரு பெரும் வீதியைப் போடுவது அதன் நோக்கமல்ல. நாடுகளுக்குள் ஏற்கெனவே இருக்கும் வீதிகளை ஒரே இலக்கத்தில் கோர்த்து, ஒரே தரத்துக்குக் கொண்டுவருவதுதான். 2003 நவம்பரில் உடன்படிக்கை ஏற்கப்பட்டு, 2004இல் ஷங்ஹாயில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 2005 ஜூலை 4இல் நடைமுறைக்கு வந்தது.

இந்த முறைக்கு ஒரு வசதி உண்டு, ஒரு மாயமும் உண்டு. இருக்கும் ஏ-14 வீதிக்கு, அதாவது மதவாச்சி - தலைமன்னார் வீதிக்கு, சர்வதேச இலக்கம் ஒன்றைப் போட்டால் அது காகிதத்தில் சர்வதேசப் பாதையாகிவிடுகிறது. கடல் வரும் இடத்தில் யாரும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆக்ராவும் மாத்தறையும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. வரைபடத்தில் சேர்ந்திருப்பதைச் சேர்ந்ததாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

வெட்டுவதா, கட்டுவதா?

பாலம் கட்டப்படாததற்கு ஒரு காரணம், அதே இடத்தில் நேர்மாறான திட்டம் ஒன்றும் இருந்தது. 1860இல் டெயிலர் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி, இந்தத் தடுக்கில் கால்வாய் வெட்டினால் கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போகலாம் என்று யோசனை சொன்னார். அதற்குப் பிறகு குழு மேல் குழு. 1955இல் இராமசாமி முதலியார் குழுவும் அதை ஆராய்ந்தது. கடைசியில் 2005 ஜூலை 2இல் பிரதமர் மன்மோகன் சிங் மதுரையில் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சேதுவை வெட்டக் கூடாது என்ற வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போக, 2007இல் அந்த இடத்தில் தோண்டுவது தடுக்கப்பட்டது. வேலை பிறகு முடங்கியே போனது.

ஒரே மணல் திட்டு. ஒரு திட்டத்துக்கு அது அத்திவாரம், மற்றத் திட்டத்துக்கு அது தடை. ஏ.எச். 43க்கான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் கால்வாய் வேலை தொடங்கியதும் 2005இன் அதே ஜூலையில், இரண்டு நாள் இடைவெளியில் என்பது இந்த முரணுக்குச் சாட்சி. இரண்டு தரப்புக்கும் இடையில் மீனவன் இருந்தான். அவனுடைய வலை விழுவதும் இதே ஆழமில்லாத தண்ணீரில்தான்.

மூன்று முறை எழுந்த பேச்சு

2002இல் சமாதான ஒப்பந்தக் காலத்தில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தரைப்பாலம் கட்டும் யோசனையை முன்வைத்தார். தமிழ்நாட்டில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா பாதுகாப்புக் காரணம் காட்டி எதிர்த்தார். யுத்தம் திரும்பியதும் பேச்சு அடங்கியது.

2015இல் மீண்டும் எழுந்தது. இந்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, 24,000 கோடி ரூபாய் செலவில் பாலமும் சுரங்கமும் கட்ட ஆசிய அபிவிருத்தி வங்கி உதவத் தயார் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். இலங்கை அரசாங்கமோ அப்படி ஒரு பேச்சுவார்த்தை இல்லை என்றது. 2023 ஜூலையில் ஜனாதிபதியாக டில்லி போன ரணில் விக்கிரமசிங்கவும் பிரதமர் மோடியும் வெளியிட்ட கூட்டறிக்கையில் தரைவழித் தொடர்புக்கான சாத்தியவள ஆய்வு மூன்றாம் முறையாக இடம்பிடித்தது.

பாலத்தைத் தவிர மற்றதெல்லாம் முனை வரை வந்துவிட்டது. யுத்தத்தில் உடைந்த மன்னார்ப் பாலம் 2010இல் புதிதாகத் திறக்கப்பட்டது. 2015 மார்ச் 14இல் தலைமன்னார் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. இந்தியப் பிரதமரே வந்து கொடியசைத்தார். மறுகரையில் 2017இல் அரிச்சல்முனை வரை தார் வீதி போடப்பட்டது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் சேவை திரும்பி வந்ததும் இந்த வழியில் அல்ல. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் அது தொடங்கியது. தலைமன்னார் இறங்குதுறை துருப்பிடித்த இரும்போடு நின்றுகொண்டிருக்கிறது.

பெரிய கோடும் சின்ன றோட்டும்

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பயணம் எங்கட சமூகத்துக்கு உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை ஆயுதமுனையில் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவின் மக்கள் எருக்கலம்பிட்டிப் பக்கக் கரைகளிலிருந்து வள்ளங்களில் ஏறி, மழையும் காற்றுமாகக் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். சர்வதேசப் பாதை என்று எல்லாரும் வரைந்த ஊரின் மக்களுக்கு, சொந்த நாட்டுக்குள் தப்பிப் போகத் தரைவழி இருக்கவில்லை.

அவர்கள் இருபது வருடமும் அதற்கு மேலும் புத்தளத்தில் வாழ்ந்தார்கள். 2009க்குப் பிறகு முசலிப் பக்கம் திரும்பத் தொடங்கியபோது அவர்கள் கேட்டது ஆக்ராவுக்குப் போகும் வீதி அல்ல. புத்தளத்திலிருந்து எழுவன்குளம், மரிச்சுக்கட்டி வழியாக மன்னாருக்குப் போகும் பழைய கரையோரப் பாதையை. பிள்ளைகள் புத்தளத்தில் படிக்க, தகப்பன் சிலாவத்துறையில் காணியைத் துப்புரவாக்கினான். அந்தப் பாதை இல்லாவிட்டால் அநுராதபுரம், மதவாச்சி என்று நாட்டின் பாதியைச் சுற்ற வேண்டும்.

அந்தப் பாதை வில்பத்துத் தேசிய வனத்துக்குள்ளால் போகிறது. அதைத் திறந்தபோது, 2010இல், சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுடைய வாதத்தை வெறும் இனவாதம் என்று தள்ளிவிட முடியாது. காடும் அல்லாஹ் தந்த அமானிதம்தான், நடுக்காட்டில் லொறி ஓடினால் மிருகம் சாகும். ஆனால் அந்த வாதத்தோடு ஒட்டிக்கொண்டு, திரும்பி வரும் அகதியையே காடழிப்பவனாகக் காட்டிய பிரசாரமும் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை. காட்டுக்குள் அந்தப் பாதை தார் காணவில்லை. மழைக்குக் கலா ஓயா பெருகினால் எழுவன்குளச் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும்.

இங்கேதான் கட்டப்படாத பாதைகளின் உண்மையான விலை தெரிகிறது. பெரிய பாதைக்குச் சாத்தியவள அறிக்கை இருக்கிறது, கூட்டறிக்கை இருக்கிறது, தலைப்புச் செய்தி இருக்கிறது. அதை எதிர்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். சின்ன றோட்டுக்கு அது எதுவும் இல்லை. அதில் போகிறவர்களின் களைப்பு மட்டும் இருக்கிறது. நாட்டின் அதிவேக நெடுஞ்சாலைகளையும் பாருங்கள். 2011இல் காலி வரை, 2013இல் கட்டுநாயக்க வரை, 2020இல் ஹம்பாந்தோட்டை வரை போயின. மத்திய அதிவேகப் பாதையில் 2022இல் மீரிகம - குருநாகல் துண்டு திறந்தது. தம்புள்ளைக்கும் அதற்கு அப்பால் வடக்குக்கும் போகும் என்று வரைந்த கோடுகள் கோடுகளாகவே நின்றன. வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குள் அதிவேகப் பாதை ஒரு கிலோமீற்றரும் வரவில்லை.

நாம் கேட்க வேண்டியது

பாலம் நல்லதா கெட்டதா என்பதில் நம்மவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இருக்கவும் தேவையில்லை. கொழும்பு மொத்த வியாபாரிக்கு அது வாய்ப்பாகத் தெரியலாம், சிறு நகரத்துத் துணிக்கடைக்காரருக்குப் போட்டியாகத் தெரியலாம். மன்னார் மீனவருக்கு அது மீன்பாடு பற்றிய கேள்வி. 1915ஐ நினைப்பவருக்கு, மறுகரைப் பெயரால் மீண்டும் ஒரு சமூகம் குறிவைக்கப்படுமோ என்ற கேள்வி. இந்தக் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் 1913 தொடங்கி நடந்த ஆய்வுகள் கடலின் ஆழத்தைத் தேடின, செலவைத் தேடின, பாதுகாப்பைத் தேடின. பாலத்தின் வாசலில் குடியிருப்பவரின் தேவையைத் தொடக்கப் புள்ளியாக வைத்து நடந்ததாகத் தெரிவது ஒன்றுமில்லை. இன்னொரு ஆய்வு வந்தால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். தலைமன்னாருக்கும் எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் முசலிக்கும் இதனால் என்ன வரும், என்ன போகும்?

இன்னொரு வேலை நம்மாலேயே ஆகக் கூடியது. போட் மெயில் காலத்துக் கடவுச்சீட்டுகள், பயணச் சீட்டுகள், மறுகரையிலிருந்து வந்த கடிதங்கள், அரபுத் தமிழில் எழுதிய கணக்குப் புத்தகங்கள் இன்னும் பல வீடுகளில் பெட்டிக்குள் இருக்கின்றன. 1990இல் வள்ளத்தில் வந்தவர்களில் வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அரசாங்கங்களின் ஆய்வறிக்கைகள் எப்படியும் ஒரு காப்பகத்தில் கிடக்கும். இவை கிடக்க மாட்டா. கறையான் தின்ன முன்னர் அவற்றைப் பிரதி எடுத்து, வாய்மொழியைப் பதிந்து, ஊர்வாரியாகத் தொகுத்து வைத்தால், அந்தக் கடலில் உண்மையில் யார் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்பதை அடுத்த ஆய்வாளன் அளவை வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.